விழிஞத்தில் சீனக் கிரேன். மொம்பாசாவில் சீன ரயில்

ஆரியசாலையில் விடிந்தும் விடியாததுமாக லாரிகள் வந்து நின்றுவிடும். பருப்பு, மிளகாய் வற்றல், புளி மூட்டைகள் ஒரு பக்கம் இறங்கும். அடுத்த கடையில் அட்டைப் பெட்டிகள் இறங்கும். டார்ச் லைட், பிளாஸ்டிக் பொம்மை, சீரியல் விளக்கு, பூட்டு. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் சீனாவில் செய்தது என்று போட்டிருக்கும். மூட்டை தூக்குகிறவருக்கும் சிட்டை எழுதுகிற குமாஸ்தாவுக்கும் அது ஓர் அதிசயமே அல்ல. சீனச்சட்டியும் சீனப்பரணியும் இந்தப் பக்கத்து அடுக்களைகளில் எத்தனையோ தலைமுறைகளாக இருக்கின்றன.

ஆனால் 2023 அக்டோபரில் வந்த சீனச் சரக்கு அட்டைப் பெட்டியில் அடங்குவது அல்ல. ஆரியசாலையிலிருந்து தெற்கே சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் விழிஞம் துறைமுகத்துக்கு 'ஷென் ஹுவா 15' என்ற கப்பல் ராட்சதக் கிரேன்களை நின்ற கோலத்திலேயே சுமந்துகொண்டு வந்து சேர்ந்தது. அக்டோபர் 15-ந் தேதி முதல் மந்திரி பினராயி விஜயனும் மத்திய மந்திரி சர்வானந்த சோனோவாலும் கப்பலை வரவேற்றார்கள். இழுவைக் கப்பல்கள் நீரைப் பீய்ச்சி அடித்து மரியாதை செய்தன. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது.

கிரேன் இறங்குவதுதான் உடனே நடக்கவில்லை. கப்பலில் இருந்த சீன ஊழியர்கள் கரையில் கால் வைக்க முதலில் அனுமதி கிடைக்கவில்லை. அவர்கள் இறங்காமல் கிரேனை இறக்க முடியாது. கடலும் அந்த நாட்களில் கொந்தளிப்பாக இருந்தது. அனுமதி வந்து, அலை அடங்கி, வேலை முடியச் சில நாட்கள் ஆகிவிட்டன. சரக்கு வேண்டும், சரக்கோடு வந்த ஆள் வேண்டாம் என்றால் என்ன செய்வது?

இதற்கு ஒரு முன்கதை உண்டு. விழிஞம் துறைமுகத்தைக் கட்ட முதன்முதலில் டெண்டர் விட்டபோது சீன நிறுவனங்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்ட ஒரு குழு முன்னுக்கு வந்தது. 2006-ல் டில்லி அதற்குப் பாதுகாப்பு அனுமதி தர மறுத்துவிட்டது. அதன் பிறகு வேறு டெண்டர்கள், வழக்குகள் என்று வருடங்கள் ஓடின. கடைசியில் 2015 ஆகஸ்டில் அதானி நிறுவனத்தோடு கேரள அரசு ஒப்பந்தம் செய்து, டிசம்பரில் வேலை தொடங்கியது. துறைமுகத்தைக் கட்டச் சீனர் வரவில்லை. ஆனால் கட்டி முடித்த துறைமுகத்தில் நிற்கும் கிரேன்கள் சீனக் கிரேன்கள். முதல் கட்டத்துக்கு மட்டும் 32. உலகத் துறைமுகங்களில் கப்பலிலிருந்து பெட்டி இறக்கும் கிரேன்களில் சுமார் 70 சதவீதம் அந்த ஒரே சீன நிறுவனம் செய்தவை என்று சொல்கிறார்கள். வேறு யாரிடம் போய் வாங்குவது?

ஒரே வீட்டுப் பிள்ளைகள்

கிரேன் செய்யும் அந்த ஷாங்காய் நிறுவனத்தின் பெயர் ஷென்ஹுவா. அது தனிக்கட்டை அல்ல. சைனா கம்யூனிகேஷன்ஸ் கன்ஸ்ட்ரக்‌ஷன் என்ற சீன அரசுக் குழுமத்தைச் சேர்ந்தது. அதே வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் உண்டு. ஒன்று 'சைனா ஹார்பர்'. இலங்கையில் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் கட்டியதில் முக்கிய பங்கு அதற்கு. இன்னொன்று 'சைனா ரோடு அண்டு பிரிட்ஜ்'. கிழக்கு ஆப்பிரிக்காவில், கென்யா நாட்டில், மொம்பாசா துறைமுகத்திலிருந்து தலைநகர் நைரோபிக்கு ரயில் பாதை போட்டது அது.

விழிஞத்துக் கிரேன், அம்பாந்தோட்டைத் துறைமுகம், மொம்பாசா ரயில். மூன்றும் ஒரே குடும்பத்தின் கைவேலை. ஆனால் மூன்று இடத்திலும் நடந்த கதை ஒன்று அல்ல. அது ஏன் என்று புரிந்துகொள்ளப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. ஆரியசாலையில் பற்று வரவு எழுதிப் பழகியவருக்கு விஷயம் சுலபமாகப் பிடிபடும்.

விழிஞத்தில் கிரேன் விலைக்கு வாங்கப்பட்டது. விற்றவர் ஓட்டிக் காட்டிவிட்டுப் போய்விடுவார். உதிரி பாகத்துக்கு அவரைத் தேடிப் போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான். வரும்படியில் அவருக்குப் பங்கு கிடையாது.

அம்பாந்தோட்டையில் துறைமுகமே கடனில் கட்டப்பட்டது. முதல் கட்டத்துக்குச் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கி கொடுத்த கடன் 30 கோடியே 70 லட்சம் டாலர். வட்டி 6.3 சதவீதம். 2010 நவம்பரில் திறப்பு விழா நடந்தது. கப்பல்தான் வரவில்லை. பக்கத்திலேயே கொழும்பு இருக்கும்போது அங்கே போக எந்தக் கப்பலுக்கு என்ன அவசியம்? 2017-ல் 99 வருடக் குத்தகைக்குச் சீனாவின் இன்னொரு நிறுவனத்துக்குத் துறைமுகம் கைமாறியது. கிடைத்த தொகை 112 கோடி டாலர். கடனுக்குப் பதிலாகத் துறைமுகத்தைச் சீனா எடுத்துக்கொண்டது என்று ஊரெல்லாம் பேச்சு. கணக்கைப் பார்த்தால் அப்படி இல்லை. வந்த டாலரை இலங்கை தன் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சேர்த்துக்கொண்டது. பழைய கடன் பேரேட்டில் அப்படியே நின்றது. கடையைக் குத்தகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் வேறு அவசரத்தைச் சமாளித்தது போலத்தான். 2022-ல் இலங்கை திவாலான போதும், அதன் வெளிநாட்டுக் கடனில் பெரிய பங்கு மேல்நாட்டு முதலீட்டாளர்கள் கையில் இருந்த கடன் பத்திரங்களே.

மொம்பாசா குமாஸ்தாக்களின் கதை

மூன்றாவது கதைதான் ஆரியசாலைக்காரர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டியது.

மொம்பாசாவுக்கும் நைரோபிக்கும் நடுவே பழைய பாதை ஒன்று உண்டு. வெள்ளைக்காரர்கள் 1896-ல் தொடங்கிப் போட்டது. அதைப் போட்ட கூலிகள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டு போகப்பட்டவர்கள், சுமார் 32,000 பேர், பெரும்பாலும் பஞ்சாபியர். ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே மாண்டார்கள். இருப்புப்பாதை ஓரமாகப் பின்னால் போன குஜராத்திக் கடைக்காரர்கள் அந்த நாட்டின் சில்லறை வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தப் பாதைக்குப் பக்கத்தில் புதிய பாதை போட 2014-ல் கென்யா சீன வங்கியிடம் 320 கோடி டாலர் கடன் வாங்கியது. அதில் பாதிக்கு வட்டி 2 சதவீதம். மறுபாதிக்கு லண்டன் சந்தை வட்டியோடு மேலும் 3.6 சதவீதம். கடன் கொடுத்த நாட்டின் கம்பெனிக்கே வேலை. சர்க்கரை ஆலை முதலாளி முன்பணம் கொடுத்துவிட்டு, என் கடையில்தான் உரம் வாங்க வேண்டும் என்று சொல்வதைப் போன்றது இது. சீனா மட்டும் செய்கிற காரியமல்ல. இந்தியா ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கொடுக்கும் கடனிலும் பெரும்பகுதிச் சரக்கு இந்தியாவிலிருந்தே வாங்கப்பட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு.

வேலை மளமளவென்று முடிந்தது. 2017 மே 31-ந் தேதி முதல் ரயில் ஓடியது. சுமார் 480 கிலோமீட்டரை ஐந்து மணி நேரத்தில் கடந்துவிடும் ரயில். ஓட்டியவர்களில் சீனாவில் பயிற்சி பெற்று வந்த கென்யப் பெண்களும் இருந்தார்கள். பயணிகளுக்கு ஏக மகிழ்ச்சி. இன்றும் அந்த ரயிலில் டிக்கெட்டுக்குப் போட்டி உண்டு.

ஆனால் பயணி டிக்கெட்டை நம்பி 320 கோடி டாலரை அடைக்க முடியுமா? சரக்கு வேண்டும். குறிப்பிட்ட அளவு சரக்கை ரயிலுக்குத் தருவதாகத் துறைமுகம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தது. சரக்கோ லாரியில் போய்ப் பழகியது. லாரி நேரே கிட்டங்கி வாசலில் நிற்கும். ரயிலில் போனால் நைரோபி யார்டில் இறக்கி, மறுபடி லாரி பிடித்து ஏற்ற வேண்டும். இரண்டு தடவை ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி. வியாபாரி எதைத் தேர்ந்தெடுப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை.

சர்க்கார் உத்தரவு போட்டது. நைரோபிக்குப் போகிற கண்டெய்னர்கள் ரயிலில்தான் போக வேண்டும். சுங்கச் சோதனையும் நைரோபியில்தான்.

அந்த ஒரு உத்தரவில் மொம்பாசா ஊரின் பிழைப்பு ஆட்டம் கண்டது. சுங்கத் தாள் எழுதும் குமாஸ்தா, கிளியரிங் ஏஜெண்ட், லாரி டிரைவர், கிளீனர், கிட்டங்கிக் காவலாளி, லாரிகள் நிற்கும் சாலையோரத்தில் டீக்கடையும் சாப்பாட்டுக் கடையும் வைத்திருந்தவர்கள் என்று எல்லாருக்கும் அடி. 2019-ல் வாரந்தோறும் திங்கட்கிழமை கறுப்புத் திங்கள் என்று சொல்லி ஊர்வலம் நடத்தினார்கள். உத்தரவை நிறுத்தி வைப்பதாக அரசு அறிவித்தது. நடைமுறையில் சரக்கு ரயிலிலேயே போய்க்கொண்டிருந்தது. 2022 செப்டம்பரில் வில்லியம் ரூட்டோ ஜனாதிபதியாகப் பதவியேற்ற கையோடு, சுங்கச் சோதனையை மொம்பாசாவுக்கே திருப்பினார். தேர்தலில் அவர் கொடுத்திருந்த வாக்குறுதி அது.

இதில் சீன கம்பெனி செய்த தவறு என்ன? பாதை உறுதியாகத்தான் இருக்கிறது. ரயில் ஓடத்தான் செய்கிறது. பாதையைப் போடு என்று சொன்னதும் கென்ய அரசு, சரக்கு வரும் என்று கணக்குக் காட்டியதும் அதே அரசு. பின்னர் 2023-ல் ரத்தாகிவிட்ட ஒரு தீர்ப்பில், டெண்டர் விடாமல் வேலையைக் கொடுத்தது சட்ட விரோதம் என்று 2020-ல் அந்த நாட்டு மேல் முறையீட்டு நீதிமன்றமே சொன்னது. பாதை போட்டு முடித்து மூன்று வருடம் கழித்து!

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது பல ஆண்டுகள் ரகசியம். ரகசியம் என்றால் வதந்திக்குப் பஞ்சமில்லை. மொம்பாசா துறைமுகத்தையே சீனாவிடம் அடமானம் வைத்துவிட்டார்கள் என்று 2018-ல் ஒரு செய்தி பரவி நாடே கொதித்தது. அப்படி அடமானம் ஏதும் இல்லை என்று பிறகு அமெரிக்கப் பேராசிரியை டெபோரா பிரௌட்டிகாம் குழுவினர் ஆவணங்களை ஆராய்ந்து எழுதினார்கள். 2022 நவம்பரில் ஒப்பந்தத் தாள்களில் ஒரு பகுதியைக் கென்ய அரசு வெளியிட்டது. தகராறு வந்தால் வழக்கை பெய்ஜிங்கில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற விதி அதில் இருந்தது. கடன் கொடுத்தவர் ஊரிலேயே பஞ்சாயத்து! உலகத்தில் வட்டி ஏறியபோது டாலர் தவணையும் ஏறியது. 2025-ல் கென்யா அந்தக் கடனைச் சீன யுவான் நாணயத்துக்கு மாற்றிக்கொண்டது. வருடத்துக்குச் சுமார் 21 கோடியே 50 லட்சம் டாலர் மிச்சம் என்று அதன் நிதியமைச்சகம் சொன்னது.

பழைய பாதை, பழைய சீனா

ஆப்பிரிக்காவில் சீனர் போட்ட முதல் பெரிய ரயில் பாதை இதுவல்ல. அதற்கு 40 ஆண்டு முந்திய பாதை ஒன்று டான்சானியாவையும் ஜாம்பியாவையும் இணைக்கிறது. ஜாம்பியாவில் தாமிரம் உண்டு, கடற்கரை இல்லை. 1965-ல் ரொடீஷியாவில் வெள்ளையர் தாங்களாகவே சுதந்திரப் பிரகடனம் செய்துகொண்ட பிறகு அந்த வழியாகச் சரக்கு அனுப்புவது தலைவலியாயிற்று. டான்சானியத் தலைவர் நைரேரேயும் ஜாம்பியத் தலைவர் கௌண்டாவும் ஏறி இறங்காத படி இல்லை. உலக வங்கியும் மேல்நாடுகளும், கட்டுப்படியாகாது என்று கைவிரித்தன. சீனா ஒப்புக்கொண்டது. அன்று அதுவும் ஏழை நாடுதான்.

வட்டியில்லாக் கடன், 98 கோடியே 80 லட்சம் யுவான். 30 வருடத்தில் திருப்பித் தந்தால் போதும். 1970-ல் தொடங்கி 1975-ல் 1,860 கிலோமீட்டரைப் போட்டு முடித்தார்கள். மாறி மாறி வந்து வேலை செய்த சீனர்கள் சுமார் 50,000 பேர். காட்டிலும் சுரங்கத்திலும் அறுபதுக்கு மேற்பட்ட சீனர்கள் உயிரை விட்டார்கள்.

கடைவீதிக்காரர்களுக்கு ருசிக்கிற சங்கதி ஒன்று இதில் உண்டு. உள்ளூர்த் தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க உள்ளூர் நாணயம் வேண்டுமே? சீனா ரொக்கமாகத் தரவில்லை. துணி, சைக்கிள், பாத்திரம் என்று சரக்காகக் கப்பலில் அனுப்பியது. அதை டான்சானியக் கடைகளிலும் ஜாம்பியக் கடைகளிலும் விற்று, அந்தப் பணத்தில் கூலி பட்டுவாடா செய்யப்பட்டது. தொழிலாளி வாங்கிய கூலி திரும்பவும் சீனத் துணிக்கே போயிருக்கும். சாமர்த்தியமான ஏற்பாடுதான்!

அந்தப் பாதையும் பின்னால் நொடித்தது. ரொடீஷியா 1980-ல் ஜிம்பாப்வே ஆனதும் தெற்கு வழிகள் திறந்தன. தாமிரம் வேறு திசையில் போயிற்று. எஞ்சினுக்கு உதிரி பாகம் இல்லாமல் பல நிற்கத் தொடங்கின. 2024 செப்டம்பரில் அதே பாதையைப் புதுப்பிக்கச் சீனாவோடு பெய்ஜிங்கில் மறுபடி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது. இந்தத் தடவை வட்டியில்லா நட்பு அல்ல. சீன நிறுவனம் பணம் போட்டு, ரயிலை ஓட்டி, வருமானத்தில் எடுத்துக்கொள்ளும்.

2000 முதல் 2022 வரை ஆப்பிரிக்காவுக்குச் சீனா கொடுத்த கடன் சுமார் 17,000 கோடி டாலர் என்று அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக் கழகம் கணக்கெடுத்திருக்கிறது. சீனர் எல்லா வேலைக்கும் தங்கள் ஆளையே கொண்டு வருகிறார்கள் என்ற புகார் பரவலாக உண்டு. ஆப்பிரிக்காவில் உள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட சீன நிறுவனங்களை 2017-ல் மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் விசாரித்தபோது ஊழியரில் 89 சதவீதம் உள்ளூர்க்காரர் என்று தெரிந்தது. மேலாளர் நாற்காலியில் உள்ளூர்க்காரர் 44 சதவீதம்தான். மண்வெட்டி உள்ளூர்க்காரர் கையில், பேனா சீனர் கையில் என்று சொன்னால் ரொம்பத் தப்பில்லை.

வந்தவரும் வரவழைத்தவரும்

இந்த விஷயத்தில் ஆரியசாலைத் தமிழர் நடுவில் நிற்கிறவர். சாலைக் கடைவீதியை 18-ம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கியவர் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ். வியாபாரம் செழிக்க வெளியூர் வணிகர்கள் வேண்டும் என்று நினைத்தவர் அவர். தமிழ் வணிகர்கள் வந்து குடியேறினார்கள். தெற்கே பாலராமபுரத்தில் தறி நெய்தவர்களும் அப்படி மன்னர் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வரவழைக்கப்பட்டவர்களே. அப்படி வந்தவர்களின் வாரிசுகளும், பிறகு பிழைப்புத் தேடி வந்தவர்களும்தான் இன்றைக்கு மூட்டை தூக்குவதும் கணக்கு எழுதுவதும்.

2023 பிப்ரவரியில் நைரோபி வியாபாரிகள் ஊர்வலம் போனார்கள். நகருக்கு வெளியே சீனர் ஒருவர் திறந்த பெரிய கடையில் விலை பாதிக்குப் பாதி குறைவு. அதே சீனச் சரக்கைத்தான் ஊர்வலம் போனவர்களும் இறக்குமதி செய்து விற்றுவந்தார்கள்! சீனர் ஆலை வைக்க வரட்டும், சில்லறை விற்க வர வேண்டாம் என்றார் ஒரு மந்திரி. வாங்குகிற ஜனங்களோ மலிவான கடையைத் தேடிக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். வந்தவர் நல்லவரா கெட்டவரா என்பது கல்லாப் பெட்டிக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1972-ல் உகாண்டாவில் இடி அமீன் இந்திய வம்சாவளியினரை 90 நாளில் வெளியேறச் சொன்னது ஆப்பிரிக்கக் கடைவீதிகளில் இன்னும் மறக்கப்படவில்லை.

16 கிலோமீட்டர்

விழிஞத்தில் சீனக் கடன் இல்லை. அதனால் கவலையும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. முதல் கட்டச் செலவு சுமார் 8,867 கோடி ரூபாய். அதில் கேரள அரசின் பங்கு மட்டும் 5,595 கோடி. வருமானப் பங்கு மாநிலத்துக்கு வரத் தொடங்குவது 2034-ல். மத்திய அரசு கொடுக்கும் 817 கோடியே 80 லட்சம் ரூபாயையும், பிற்கால வருமானத்தில் பங்காகத் திருப்பித் தர வேண்டும் என்று டில்லி நிபந்தனை போட்டது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு இல்லாத நிபந்தனை எங்களுக்கு ஏன் என்று கேரளம் கேட்டுப் பார்த்தது. பலிக்கவில்லை. 2025 ஏப்ரலில் கையெழுத்துப் போட்டது. கடற்கரை அரிக்கிறது, வீடு போகிறது என்று 2022 ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை மீனவர்கள் நடத்திய போராட்டத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்காமல் விட முடியாது. பின்னர் அந்தக் கடற்கரைக் கிராமப் பெண்கள் சிலர் பயிற்சி பெற்று, கண்ணாடி அறையில் உட்கார்ந்து சீனக் கிரேன்களை இயக்குகிறார்கள்.

2024 ஜூலை 11-ந் தேதி விழிஞத்துக்கு வந்த முதல் பெரிய சரக்குக் கப்பல் 'சான் பெர்னாண்டோ'. சுமார் 2,000 கண்டெய்னர்களோடு அது புறப்பட்டு வந்த ஊர் சீனாவில் உள்ள சியாமென். சீனக் கப்பற்படைத் தலைவர் செங் ஹோ 15-ம் நூற்றாண்டில் கொல்லத்துக்கும் கோழிக்கோட்டுக்கும் வந்து, அப்படியே மொம்பாசாவுக்கு வடக்கே இருக்கும் மாலிந்தி வரை ஆட்களை அனுப்பி ஒட்டகச்சிவிங்கி வாங்கிப் போன அதே கடல் வழிதான்.

அந்தப் பெட்டிகள் ஆரியசாலைக்கு வரவில்லை. விழிஞம் பெரிய கப்பலிலிருந்து சிறிய கப்பலுக்குச் சரக்கு மாற்றும் துறைமுகமாகத்தான் தொழிலைத் தொடங்கியது. இறங்கிய பெட்டிகள் சிறிய கப்பல்களில் ஏறி வேறு இந்தியத் துறைமுகங்களுக்குப் போயின. அங்கே சுங்கம் முடித்து, லாரி ஏறி, பல நூறு கிலோமீட்டர் சுற்றித்தான் இந்தக் கடைவீதிக்கு டார்ச் லைட் வர வேண்டும். விழிஞத்திலிருந்து பாலராமபுரத்துக்கு 10.7 கிலோமீட்டர் ரயில் பாதை போடும் பொறுப்பு கொங்கண் ரயில்வேயிடம் இருக்கிறது. அதில் சுமார் 9 கிலோமீட்டர் பூமிக்கு அடியில் சுரங்கம். 2028 கடைசியில் முடிப்பதாகத் திட்டம். அந்தச் சுரங்கத்து வழியாக வரும் பெட்டியை எங்கே திறப்பது, சுங்கத் தாளை எந்த ஊர்க் குமாஸ்தா எழுதுவது, மூட்டையை எந்த ஊர்க்காரர் தோளில் ஏற்றுவது என்பதெல்லாம் இனிமேல்தான் தெரியும். மொம்பாசாக்காரர்கள் இதே கேள்வியைப் பாதை போட்டு முடித்த பிறகுதான் கேட்டார்கள்.